இரண்டாவது பஞ்சுக்குச்சி

குழந்தையின் உதட்டில் ஒரு சொட்டுச் சீம்பாலைத் தடவினால் குடி முழுகிப்போகும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. பிரசவம் முடிந்த மறுநாள் மதியம் அது. அதுவரை கல்லாகக் கனத்துக் கிடந்த மார்பில் அப்போதுதான் மஞ்சளாக ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. நர்ஸ் முதுகைக் காட்டிக்கொண்டு மருந்துப் புட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அவள் உட்கார்ந்திருந்த சக்கர நாற்காலிக்குப் பின்னால் நின்ற மாமியார் காதோடு சொன்னாள். "தடவுடி, அந்தத் தம்பி திரும்பறதுக்குள்ள." அவள் விரல் நுனியில் எடுத்துத் தடவினாள். சின்ன வாய் அதைச் சப்பியது. ஒன்பது வருஷ ஏக்கத்துக்கு அந்த ஒரு சப்பல் போதும் என்றிருந்தது அவளுக்கு.

குழந்தை காலையிலிருந்தே சரியாக இல்லை. உடம்பு சுட்டது, கைகால் துவண்டது, மூச்சு இரைத்தது. பச்சிளங்குழந்தை வார்டின் டாக்டரம்மா, இளவயசுக்காரர், வந்து தொட்டுப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"ரத்தத்துல கிருமி போயிருக்கலாம். ரிப்போர்ட் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது. ரெண்டு மருந்து குடுக்கணும். ரெண்டுமே ஒரு மணி நேரத்துக்குள்ள உள்ள போயிடணும்."

முதல் மருந்து உடனே போனது. இரண்டாவதற்கு முன்னால் ஒரு பெட்டியிடம் உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. அது மூலை மேஜையில் இருந்தது. ரொட்டி சுடுகிற அடுப்பு அளவுதான் இருக்கும், மாமியார் பார்த்த நிமிஷமே அதற்கு ரொட்டிப் பெட்டி என்று பெயர் வைத்துவிட்டாள். சில நூறு குழந்தைகளில் ஒன்றுக்கு ஒரு ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்குமாம். அந்தக் குழந்தைக்கு இந்த இரண்டாவது மருந்து ஒரு தடவை போனாலும் காது போய்விடலாமாம். போனால் திரும்பாதாம். வருஷக்கணக்காக ஆராய்ச்சிக்கூடத்தில் மட்டுமே தெரிந்திருந்த சங்கதி இது. வார்டிலிருந்து ரத்தம் அனுப்பினால் பதில் வருவதற்குள் மருந்தும் முடிந்து காதும் முடிந்திருக்கும். இந்த வருஷம்தான் அந்த ஆராய்ச்சி ஒரு பெட்டிக்குள் அடங்கி வார்டுக்கு வந்திருந்தது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்துப் பெட்டிக்குள் வைத்தால் இருபத்தைந்து நிமிஷத்தில் சொல்லிவிடும்.

நர்ஸ் குழந்தையின் வாயில் பஞ்சுக்குச்சியை விட்டு எடுத்தான். பெட்டிக்குள் வைத்தான். எல்லோரும் காத்திருந்தார்கள். இருபத்தைந்து நிமிஷம் கழித்துப் பெட்டி சொன்ன பதில்: விடை இல்லை.

நர்ஸ் திரையைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"அக்கா, குழந்தை வாயில பால் எதாவது வெச்சீங்களா?"

மாமியார் மேற்கூரையில் மின்விசிறியைத் தேட ஆரம்பித்தாள். அங்கே மின்விசிறி கிடையாது.

"ஒரு சொட்டு," என்றாள் அவள்.

"ஐயோ அக்கா! பால் பட்டா பெட்டிக்குப் படிக்கத் தெரியாது."

அந்தப் பெண்ணுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணாடிக் கடையில் அடுத்தவர் கண்ணுக்கு எத்தனை பவர் என்று பிசகாமல் அளந்து சொல்கிறவள், தன் குழந்தை விஷயத்தில் இப்படிக் கோட்டை விட்டுவிட்டாளே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மீதி இருந்தது பாதி நேரம். மறுபடி குழந்தை வாயில் எடுத்தால் பால் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கலாம், மறுபடியும் விடை இல்லை என்றே வரலாம். வேறு ஒரு மருந்து உண்டு. ஆனால் அது கடைசி வரிசை ஆயுதம். எடுத்ததற்கெல்லாம் அதை நீட்டினால் கிருமிக்கு அது பழகிப்போய்விடும், பெரிய டாக்டர் அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றார். திடீரென்று அவர் முகம் மலர்ந்தது.

"அம்மாவோட வாயில எடுத்துடலாமே!"

நர்ஸ் தயங்கினான். "அப்படி நாம எடுத்ததில்லையே, டாக்டர்."

"எடுத்ததில்ல. ஆனா இந்த ஜீன் அம்மா வழியா மட்டும்தான் வரும். அப்பாவுக்கு இதுல பங்கே கிடையாது. அம்மாகிட்ட என்ன இருக்கோ அதுதான் குழந்தைகிட்டயும் இருக்கும். பெரியவங்க வாயில செல் நிறைய கிடைக்கும், பெட்டி திணறாது."

சாமர்த்தியமான யோசனை. அறிவியல் தெரிந்தவருக்குத்தான் அது தோன்றும். அதில் இருந்த ஓட்டையும் அறிவியல் தெரிந்தவர் கண்ணுக்கே தப்பக்கூடிய ஓட்டை. அதை அந்த அறையில் இரண்டே பேர் அறிவார்கள். ஒருத்தி சக்கர நாற்காலியில் இருந்தாள். மற்றவன் அவள் புருஷன், சுவரோடு சாய்ந்து நின்றிருந்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்போ என் மகன் மேல பழி இல்லை," என்று சிரித்தாள் மாமியார். "எடுங்க டாக்டரம்மா, தாராளமா எடுங்க. வாயைத் திறன்னா என் மருமக எப்பவும் திறப்பா. மூடுன்னாதான் கஷ்டம்."

மருமகள் ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தாள். நர்ஸ் அதற்குள் பஞ்சுக்குச்சியை உள்ளே விட்டு இரண்டு கன்னத்தையும் தேய்த்துவிட்டான். பெட்டியின் மூடி சாத்திக்கொண்டது.

அவள் வாயில் என்ன இருந்தால் என்ன? அந்தக் குழந்தைக்கு அவள் கொடுத்தது கர்ப்பப்பை, ரத்தம், மூச்சு, வாந்தி, வீங்கிய கால், முந்தாநாள் ராத்திரி முழுக்கக் கத்திய கத்தல். கருமுட்டை மட்டும் அவளுடையது இல்லை. அது வேறு ஊரில், வேறு ஓர் ஆஸ்பத்திரியில், முகம் தெரியாத ஒரு பெண் கொடுத்தது. அவளைப் பற்றி இவர்களுக்குச் சொல்லப்பட்டது உயரம், ரத்தப் பிரிவு, ஆரோக்கியமானவர் என்கிற ஒரு வார்த்தை. இங்கே பிரசவத்துக்குச் சேர்ந்தபோது அதை வாய் திறந்து சொல்லவில்லை. நாம ரெண்டு பேர், அந்த ஆஸ்பத்திரி, அவ்வளவுதான், நாலாவது ஆளுக்குத் தெரியவே கூடாது என்று புருஷனும் பெண்டாட்டியும் கையடித்து முடிவு செய்திருந்தார்கள்.

அந்த நாலாவது ஆள் யார் என்பதில் இருவருக்குமே சந்தேகம் இருந்ததில்லை. மாமியார் கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவோ சுலபம். அவளோ, விசேஷம் உண்டா என்று கேட்ட சொந்தக்காரர்களை வாசலிலேயே வெடுக்கென்று பேசி அனுப்பியவள். உங்க மகனுக்கு வேற இடம் பாருங்களேன் என்று இழுத்த தன் நாத்தனாரோடு இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை. மருமகள் உண்டானதும், என் மருமக ஜெயிச்சுட்டா என்று தெருத்தெருவாகச் சொல்லி வந்தாள். நேற்று குழந்தையைக் கையில் வாங்கியதும் முதலில் பார்த்தது காதைத்தான். "பாருடி, உன் காது. அச்சு அசல்."

அந்தக் காதுக்குத்தான் இப்போது ஆபத்து.

மாமியார் தொட்டிலை எட்டிப் பார்க்கப் போன சமயம் கணவன் மெல்ல வந்து, நாற்காலியின் கால்பலகையைச் சரிசெய்கிற பாவனையில் அவள் முன்னால் குனிந்தான்.

"பேசாம இரு," என்றான் முணுமுணுப்பாக.

"ஏங்க, அந்த ரிசல்ட்டு குழந்தைக்குப் பொருந்தாதே."

"தெரியும். நூத்துக்கணக்குல ஒருத்தருக்குத்தான் இருக்கும்னாங்களே. நமக்கா இருக்கப்போகுது?"

"இருந்தா?"

அவன் கைகள் கால்பலகைத் திருகை இறுக்கிக்கொண்டும் தளர்த்திக்கொண்டும் இருந்தன. அவனைக் கோழை என்று சொல்லிவிடலாம். ஆனால் அவன் பயந்தது அவளுக்காகவும்தான். குழந்தையில் அவன் ரத்தம் இருக்கிறது, அவன் அம்மாவின் ரத்தம் இருக்கிறது. உண்மை வெளியே வந்தால் அந்த வீட்டில் அன்னியமாக நிற்கப்போவது அவள் ஒருத்திதான் என்று அவனுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அவள் பெத்தது இல்லையாமே என்று நாளைக்கு ஒரு வாய் சொன்னால் போதும், ஊரே சொல்லும்.

"எதை வேணா அப்புறம் பார்த்துக்கலாம்," என்றான்.

"காது போனா அப்புறம் என்னத்தைப் பார்க்கறது?"

மாமியார் திரும்பி வரவே இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அவளுக்கு ஒரு வழி தோன்றியது. மாமியாரை ஐந்து நிமிஷம் வெளியே அனுப்பிவிட்டால் டாக்டரம்மா காதில் மட்டும் போட்டுவிடலாம். யாருக்கும் தெரியாது.

"அத்தை, தொண்டை வறளுது. வெந்நீர் கிடைக்குமா?"

"கிடைக்காம?" மாமியார் பையிலிருந்து பிளாஸ்கை எடுத்தாள், மூடியில் ஆவி பறக்க ஊற்றி நீட்டினாள். அந்த மனுஷி எதற்கும் வெளியே போக வேண்டிய அவசியமே இல்லாதபடி முழு ஆயத்தமாக வந்திருந்தாள். மருமகள் குடித்தாள். நாக்கு சுட்டது.

"குழந்தைக்கு வேற துணி வீட்டுல..."

"கொண்டு வந்திருக்கேன்."

"வெளியில உங்களை யாரோ தேடின மாதிரி..."

"தேடட்டும். என் பேத்தி இப்படிக் கிடக்கறப்போ எவன் கூப்பிட்டாலும் நான் நகரமாட்டேன்." மாமியார் அவள் தோளில் கை வைத்து அழுத்தினாள். "பயப்படாதே. ஒண்ணும் ஆகாது. உன் உடம்புல ஒரு குறையும் கிடையாது, நான் பார்க்காததா?"

அந்தக் கையின் சூட்டில் அவளுக்கு இன்னும் குற்றவுணர்ச்சிதான் ஏறியது. டாக்டரம்மாவைக் கண்ணால் அழைத்துப் பார்த்தாள். அவர் பக்கத்துத் தொட்டிலில் இன்னொரு குழந்தையின் மூச்சுக்குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தார். நர்ஸை அழைத்தாள்.

"தம்பி, ஒரு நிமிஷம்."

"இதோ வர்றேன் அக்கா," என்றான். வரவில்லை.

தொட்டிலில் குழந்தையின் நெஞ்சுக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுத்தது. இன்னும் இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடலாம் என்று அவள் தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தாள். பிறகு இன்னும் இரண்டு நிமிஷம். அதற்குள் பெட்டி கூவியது.

நர்ஸ் ஓடி வந்து பார்த்தான். அவன் முகமெல்லாம் பல். "மாற்றம் இல்லை, டாக்டர். சுத்தம்."

"அப்பாடா," என்றார் டாக்டரம்மா. "நேரமும் சரியா இருக்கு. போட்டுடு."

மாமியார் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். "நான் சொல்லலை? என் மருமகளாச்சே!"

நர்ஸ் மருந்தை ஊசிக்குழாயில் இழுத்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து விரலால் சுண்டிக் குமிழியைப் போக்கினான். நிதானமான கை அது. அவன் தொட்டிலை நெருங்கினான். குழந்தையின் புறங்கையில் ஒட்டியிருந்த குழாயின் மூடியைத் திறந்தான். கணவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"போடாதீங்க!"

அவள் அத்தனை சத்தமாகக் கத்துவாள் என்று அவளே நினைக்கவில்லை. தையல் போட்ட இடம் பிடுங்கி இழுக்க, நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் டாக்டரம்மா. "ரிசல்ட்டு நல்லாத்தான் வந்திருக்கு."

"அது என் ரிசல்ட்டு. குழந்தையோடது இல்ல."

"அதான் சொன்னேனே, ரெண்டும் ஒண்ணுதான்..."

"ஒண்ணு இல்ல." மாமியார் நிற்கும் பக்கம் திரும்பாமல், தொட்டிலைப் பார்த்தே போட்டு உடைத்தாள். "கருமுட்டை என்னோடது இல்ல. வேற ஒருத்தங்க குடுத்தது. என் வாயில எடுத்ததை வெச்சு அவளுக்கு ஊசி போடாதீங்க."

பக்கத்துத் தொட்டிலின் கருவி மட்டும் டிக் டிக் என்றது. நர்ஸ் குழாயின் மூடியை மறுபடி மூடினான், ஊசியைத் தட்டில் வைத்தான். டாக்டரம்மாவின் முகம் வெளிறியது. நான் கேட்கவே இல்லையே என்று அவர் உதடு அசைந்தது.

அடுத்த கணம் அவர் போனைக் காதில் வைத்திருந்தார். பெரிய டாக்டர் எடுக்கவில்லை. மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டார். இந்த நிமிஷங்களில் டாக்டரம்மா யாரையும் பார்க்கவில்லை, கடிகாரத்தை மட்டுமே பார்த்தார். மூன்றாவது தடவை எடுத்தார்கள்.

"சார், பச்சிளங்குழந்தை, ரத்தத்துல கிருமி இருக்கலாம், ஜீன் ரிசல்ட்டு தெரியலை... இல்ல சார், அம்மாவோடது செல்லாது... கருமுட்டை தானம்... ஆமா சார், என் தப்புதான். சரி சார். சரி."

போனை வைத்தார். "அந்த இன்னொரு மருந்தை எடு. இப்பவே போடு. குழந்தை வாயைச் சுத்தமாத் துடைச்சுட்டு மறுபடியும் பஞ்சு எடு."

மருந்து போனது. நேரத்துக்குள் போனது. அவள் அப்போதுதான் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் தோளில் அந்தக் கை இல்லை என்பது தெரிந்தது. திரும்பிப் பார்த்தாள். மாமியார் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தாள். பிளாஸ்க் மேஜையிலேயே இருந்தது. அம்மா, அம்மா என்று மகன் பின்னால் ஓடினான். அவள் நிற்கவில்லை.

மறுபடியும் இருபத்தைந்து நிமிஷம். இந்தத் தடவை அவள் தனியாகக் காத்திருந்தாள். மாற்றம் இல்லை என்று வந்துவிட்டால் எல்லாவற்றையும் வீணாகக் கொட்டிக் கவிழ்த்துவிட்டேன் என்று ஆகும். ஆனாலும் அப்படியே வரட்டும் என்றுதான் அவள் வேண்டிக்கொண்டாள். பெட்டி கூவியது. நர்ஸ் போய்ப் பார்த்தான். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. டாக்டரம்மாவைக் கூப்பிட்டான். இருவரும் சேர்ந்து பார்த்தார்கள்.

டாக்டரம்மா வந்து அவள் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தார்.

"இருக்கு," என்றார். "அந்த மாற்றம் இருக்கு. அந்த மருந்து மட்டும் போயிருந்தா..." அவர் ஊசித் தட்டைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க சொன்னீங்களே. அது போதும்மா."

தட்டில் கிடந்த அந்த ஊசியை நர்ஸ் எடுத்துக் கழிவுத் தொட்டியில் போட்டான். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்து கடைசியில் வாய்விட்டு அழுதாள்.

அதற்குப் பிறகு குழந்தை மெல்ல மெல்லத் தேறியது. காய்ச்சல் விட்டது, மூச்சு சீரானது, பசிக்கு அழக் கற்றுக்கொண்டது. வாழ்நாள் முழுக்க இந்த வகை மருந்து ஆகாது என்று டாக்டரம்மா ஓர் அட்டை எழுதிக் கொடுத்தார். இனி அம்மா வாயில் பஞ்சு எடுக்கிற பேச்சே கூடாது என்று வார்டில் உத்தரவு வந்ததாக நர்ஸ் ரகசியம் போலச் சொன்னான். அவள் அந்த வேறு ஊர் ஆஸ்பத்திரிக்குத் தானே போன் செய்தாள். முட்டை கொடுத்த பெண்ணிடமும் இது இருக்கும், அவள் பிள்ளைகளிடமும் இருக்கும், ஊசி போடுவதற்கு முன்னால் அவளுக்குச் சொல்லிவிடுங்கள் என்றாள். எதிர்முனையில் இருந்தவர் பெயரைச் சொல்ல முடியாது என்றார். "பெயர் வேண்டாம். அவங்களுக்குச் சேதி போனா போதும்," என்றாள்.

மாமியார் மட்டும் வரவில்லை. கணவன் இரண்டு வேளையும் வந்தான். அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்டால், "பேசமாட்டேங்கறாங்க. சாப்பிடறாங்க, தூங்கறாங்க, பேச்சுதான் இல்லை," என்றான். அந்த வாயிலிருந்து பேச்சு இல்லையென்றால் அது எவ்வளவு பெரிய கோபம் என்று இருவருக்கும் தெரியும்.

வீட்டுக்கு அனுப்பலாம் என்று சொன்னதற்கு முந்தின நாள் மாமியார் வந்தாள். ஒரு வார்த்தை இல்லை. தொட்டிலுக்கு அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மேஜையில் விட்டுப்போன தன் பிளாஸ்கைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டுமா, எதற்குக் கேட்க வேண்டும் என்று மருமகளுக்குத் தெரியவில்லை. சொல்லாததற்கா, சொன்னதற்கா?

கடைசியில் மாமியார், "என்கிட்ட சொல்லியிருக்கலாம்," என்றாள் தொட்டிலைப் பார்த்து.

"பயம் அத்தை."

"என்கிட்டயா?"

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைக்கு ஒரு வேலை வேண்டும் என்பதற்காகப் பிளாஸ்க் மூடியைத் திருகினாள். மூடி கையிலிருந்து நழுவியது. தளக்கல்லில் விழுந்து ணங்கென்று சத்தம் போட்டு உருண்டது.

குழந்தை தூக்கிவாரிப் போட்டு விழித்தது. இரண்டு கையும் விரிந்து, விரல்கள் பத்தும் நட்சத்திரமாக விறைத்து, முகம் அழுகைக்குக் கோணியது.

"யாரு அங்க சத்தம் போடறது?" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நர்ஸ் குரல் கொடுத்தான்.

மாமியார் அசையாமல் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து மூடியை எடுத்தாள். குழந்தை அடங்கிக் கண் செருகும்வரை பொறுத்திருந்தாள். நர்ஸ் திரும்பி நிற்கிறானா என்று ஒருமுறை எட்டிப் பார்த்தாள். கையை நன்றாக உயர்த்தி, மூடியை வேண்டுமென்றே கீழே போட்டாள்.

ணங்!

சின்னக் கைகள் மறுபடி பறந்தன.

"கேக்குது," என்றாள் மாமியார். குரல் உடைந்து போயிருந்தது. தொட்டிலுக்கு மேலாகக் கையை நீட்டி மருமகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "ஏய், உன் பொண்ணுக்குக் காது நல்லாக் கேக்குதுடி."

நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு கோபமாக வந்தான்.

"கை தவறிடுச்சு தம்பி," என்றாள் மாமியார்.